வில்லங்கம் போட்டாச்சு சார்: பெங்களூரில் ஏழு வருட ஆவணத் தேடல்

பெங்களூரில் மனை பார்க்கப் போனால் புரோக்கர் முதலில் நீட்டுவது ஈசியைத்தான் (சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றிதழ்). "வில்லங்கம் போட்டாச்சு சார், ஒண்ணும் இல்ல." அல்சூர் பக்கம் தமிழ் புரோக்கராக இருந்தால் இதே வார்த்தைதான் வரும். 2019இல் முதல் தடவை கேட்டபோது நம்பினேன். அதற்குப் பிறகு எனக்கு, தங்கைக்கு, அலுவலக நண்பர்களுக்கு என்று பத்துப் பதினொரு சொத்துகளுக்காக இந்த ஊர் ஆவணத் தளங்களைத் துழாவியாயிற்று. நான் வக்கீல் இல்லை, கணக்கு எழுதுகிறவன். அந்த அளவில் இதைப் படியுங்கள்.

காவேரியில் ஆரம்பிக்கிறேன். பதிவுத் துறையின் தளம். இப்போது ஓடுவது 2023இல் வந்த காவேரி 2.0. நாம் வில்லங்கம் என்பதைக் கன்னடத்தில் 'ருணபாரம்' என்கிறார்கள், கடன் சுமை. மாவட்டம், தாலுகா, ஹோபளி (தாலுகாவுக்குள் பல கிராமங்கள் சேர்ந்த பிரிவு), கிராமம், சர்வே எண் கொடுத்துத் தேட வேண்டும். அந்தச் சொத்தில் பதிவு ஏதாவது இருந்தால் படிவம் 15 வரும், ஒன்றுமே இல்லை என்றால் படிவம் 16. படிவம் 16 கையில் வந்ததும் சிலருக்கு முகமெல்லாம் பல். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கும். சொத்து சுத்தமாக இருந்தாலும் படிவம் 16 வரும், தப்பான எண்ணைக் கொடுத்துத் தேடினாலும் அதே படிவம் 16தான் வரும்.

கே.ஆர்.புரம் பக்கம் தங்கைக்குப் பார்த்த 30க்கு 40 மனையில் நான் செய்தது இரண்டாவது ரகம். மூலப் பத்திரம் கையெழுத்துக் கன்னடத்தில், எண்களும் கன்னட எண்கள். கன்னட ஆறும் ஒன்பதும் வாலைத் தவிர மற்றபடி ஒட்டிப் பிறந்தவை. 46ஐ 49 என்று படித்துவிட்டேன். போதாததற்கு ஹிஸ்ஸா எண்ணையும் விட்டுவிட்டேன் (நம் ஊர் உட்பிரிவு எண்தான்). படிவம் 16 வந்தது. ஒரு வாரம் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் கீழ் வீட்டுக் கன்னடக்காரப் பெரியவரிடம் பத்திரத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஆறப்பா" என்றார். திரும்பப் போட்டதில் ஒரு அடமானம், அதற்கான ரத்து, இரண்டு கிரயம் என்று வரிசையாக வந்தது. அதிலிருந்து சர்வே எண்ணை மட்டும் நம்புவதில்லை. பத்திரத்தில் உள்ள நான்கெல்லையை ஈசியில் வருவதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறேன். இங்கே அதற்குச் செக்குபந்தி என்று பெயர்.

இன்னொன்று, கணினியில் கிடைப்பது 2004 ஏப்ரல் 1க்குப் பிறகு உள்ளவை. அதற்கு முந்தையதற்கு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் எழுதிக் கொடுத்து, அவர்கள் புத்தகம் புரட்டித் தர வேண்டும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அங்கே பெயர்வாரியாக ஒரு அட்டவணை, சொத்துவாரியாக ஒரு அட்டவணை. அலுவலக எல்லைகள் பிரிந்து மாறியிருப்பதால் பழைய புத்தகம் வேறொரு ஆபீசில் இருக்கலாம். ஒரு தடவை மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினேன். கடைசி இடத்தில் புத்தகம் கிடைத்தது. அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் பொடிந்து போயிருந்தது. கையெழுத்து ஈசி வாங்கச் சோம்பல்பட்டு 2004இலிருந்து மட்டும் பார்த்துவிட்டு முடிப்பவர்கள்தான் அதிகம். இந்த ஊரில் ஏரியும் வயலும் மனையானது பெரும்பாலும் அதற்கு முன்னால்தானே.

முழுக்கப் புரட்டினாலும் ஈசியில் வராதவை உண்டு. ஈசி என்பது பதிவு ஆபீசில் கிரயம், அடமானம் போன்றவை ஏறும் முதல் புத்தகத்தின் சாரம். உயில் மூன்றாம் புத்தகத்திலும், பவர் ஆஃப் அட்டர்னி நான்காம் புத்தகத்திலும் போகும். முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், மற்ற இரண்டிலும் அப்படி நுழைய முடியாது. பெங்களூரின் பழைய ரெவின்யூ மனைகள் (லேஅவுட் அனுமதி இல்லாமல் விவசாய நிலத்தைப் பிரித்துப் போட்டவை) பல, பவரில் கை மாறி வந்தவை. பவர் மட்டும் வைத்து விற்றால் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் சங்கிலியில் ஒரு கண்ணி பவர் என்று தெரிந்தால், பத்திரத்துக்குப் பத்திரம் யார் யாருக்கு விற்றார், உரிமையாளராக விற்றாரா, ஏஜென்டாக விற்றாரா என்று காகிதத்தில் எழுதிப் பார்ப்பேன்.

ஈசியில் ஏறாத பெரிய சமாச்சாரம் வழக்கு. நிலுவையில் உள்ள வழக்கு இங்கே ஈசியில் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அந்தத் தீர்ப்பு, சொத்தை வாங்கியவரையும் கட்டும். அந்த கே.ஆர்.புரம் மனையை நாங்கள் விட்டதற்கு இதுதான் காரணம். கோர்ட் வழக்குகளின் விவரம் பார்க்கும் இகோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடலாம். ஆனால் கோர்ட் வளாகத்தைத் தேர்ந்து, ஆண்டு ஆண்டாகப் போட வேண்டும். பெயரோ ஆங்கில எழுத்தில். முனியப்பா என்பதை எத்தனை விதமாக எழுத முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது: ஒரு 'ஒய்' உள்ளது, இல்லாதது, 'பி' ஒற்றை, 'பி' இரட்டை. முதல் நான்கு எழுத்தை மட்டும் போட்டு, பட்டியலில் கண்ணை ஓட்டினேன். ஐந்தாவது ஆண்டைப் போட்டபோது, மேயோ ஹால் கோர்ட் வளாகத்தில், விற்கிறவரின் அக்கா தங்கைகள் போட்ட பாகப்பிரிவினை வழக்கு. கர்நாடகம் 1994லேயே மகள்களுக்கும் பிறப்பால் பங்கு என்று திருத்தம் கொண்டுவந்த மாநிலம். 2005இல் அது நாடு முழுக்க வந்தது. வீட்டுப் பெண்கள் கையெழுத்து இல்லாத பழைய பாகப் பத்திரத்தைப் பார்த்தால் நான் இப்போது நேராக இகோர்ட்ஸ்தான் திறப்பேன். புரோக்கரிடம் கேட்டதற்கு, "அது குடும்பச் சண்டை சார், செட்டில் ஆயிடும்" என்றார். ஆயிருக்கலாம். காத்திருக்க எங்களுக்குத் தெம்பில்லை.

விவசாய நிலமாக இருந்து மாறியது என்றால் கர்நாடக அரசின் நிலப் பதிவேட்டுத் தளமான பூமியில் பஹணி பார்க்க வேண்டும், ஆர்டிசி என்று சொல்வதும் அதைத்தான். நம் பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் ஒரே தாளில் அடைத்த மாதிரி. ஒன்பதாம் கட்டத்தில் உரிமையாளர், பதினொன்றில் கடனும் பிற உரிமைகளும், பன்னிரண்டில் பயிரிடுபவர். அளவு ஏக்கர், குண்டா கணக்கில் (40 குண்டா ஒரு ஏக்கர், அதாவது குண்டாவுக்கு நம் இரண்டரை சென்ட்). கரபு (சாகுபடிக்கு ஆகாத நிலம்) என்று போட்டிருந்தால் நின்று படிக்கவும். அதிலும் 'பி' கரபு என்றால் பாதை, கால்வாய் போன்ற பொது உபயோகம், விற்கிற பேச்சே கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு கொடுத்த நிலம் என்றால் 1978ஆம் வருடச் சட்டம் குறுக்கே வரும். அனுமதியில்லாமல் விற்றிருந்தால் நிலத்தை மீட்கலாம், அதற்குக் கால வரம்பில்லை என்று 2023இல் திருத்தியும் விட்டார்கள். அந்த வழக்குகள் உதவி ஆணையரிடம் நடப்பதால் இகோர்ட்ஸில் தெரியாது. வருவாய்க் கோர்ட்டுகளுக்குத் தனித் தளம், அங்கே போய்த் தேட வேண்டும்.

செர்சாய் பற்றிப் பலருக்குத் தெரியவில்லை. பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன்களை வங்கிகள் பதியும் மத்தியப் பதிவேடு, 2011இலிருந்து இருக்கிறது. தேடக் கட்டணம் பத்து ரூபாயும் ஜிஎஸ்டியும். ஃபில்டர் காபி விலை கூட இல்லை, நான் எப்போதும் போட்டுவிடுவேன்.

இ-காதா, அதாவது மாநகராட்சிச் சொத்துக் கணக்கின் கணினி வடிவம், 2024 அக்டோபரிலிருந்து நகரப் பதிவுக்குக் கட்டாயமாகிவிட்டது. பெயர், எல்லை, சொத்துக்கென்று ஒரு அடையாள எண் என்று எல்லாம் ஒரே இடத்தில் வருவது நல்லதுதான். ஆனால் காதா என்பது வரிக் கணக்கு, உரிமைப் பத்திரம் இல்லை. ஃபிளாட் வாங்குபவர்கள் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தையும் பார்த்துக்கொள்ளலாம், அதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை.

தளங்களின் நம்பகம் பற்றிக் கேட்டால், பதிவு நாளன்று காலையில் புது ஈசி எடுக்கலாம் என்று விட்டு வைக்காதீர்கள். 2025 தொடக்கத்தில் போலிக் கணக்குகள் வழியாகத் தேடல்களைக் கொட்டிக் காவேரியைத் திணறடித்தார்கள், மாநிலம் முழுக்கப் பதிவு தடுமாறியது. தமிழ்நாட்டில் ஈசியை இலவசமாகத் திறந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே லாகின், கட்டணம், காத்திருப்பு எல்லாம் எரிச்சலூட்டும். எனக்கும்தான்.

இப்போது அக்கா மகன் ஹொசகோட்டை பக்கம் ஒன்று பார்த்திருக்கிறான். "மாமா, ஈசி க்ளீன், வர்ற வெள்ளிக்கிழமை டோக்கன் அட்வான்ஸ்" என்று நேற்று வாட்ஸப்பில் படிவம் 16 அனுப்பினான். பத்திரத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. கையெழுத்துக் கன்னடம். சர்வே எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கீழ் வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டப் போகிறேன்.