ஓசூர் மேட்டுநிலத்தில் ஓர் ஒற்றை இருக்கை மைக்ரோலைட்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அலுமினியக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் இறுக இழுத்துக் கட்டிய டாக்ரான் என்ற பாலியஸ்டர் துணி, இறக்கைக்கு மேலே பின்னோக்கிப் பொருத்திய 40 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 447 எஞ்சின், ஒரே ஓர் இருக்கை. பெட்டிகளில் உதிரிப் பாகங்களாக வந்து, ஓசூர் அருகே ஒரு கொட்டகையில் பொருத்தி முடிக்கப்பட்ட இந்த மைக்ரோலைட் என்ற எடை குறைந்த சிறு விமானத்தைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தும் ஓட்டியும் வருகிறேன். இந்த மாதிரி இப்போது விற்பனையில் இல்லை என்பதால், அதன் பெயரைவிட இவ்வகை விமானங்களுக்குப் பொதுவான வடிவமைப்பைப் பற்றி எழுதுவதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

வடிவமைப்பாளர் வரைபடத்தைத் தொடுவதற்கு முன்பே, பாதி முடிவுகளை அமெரிக்காவின் பகுதி 103 விதி எடுத்துவிட்டது. 1982இல் வந்த அந்த விதியின்படி, அல்ட்ராலைட்டின் (இவ்வகைச் சிறு விமானத்துக்கு அங்கே உள்ள பெயர்) வெற்று எடை ஏறக்குறைய 115 கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும். எரிபொருள் 19 லிட்டரையும், முழு விசையில் நேர்மட்ட வேகம் மணிக்கு 102 கிலோமீட்டரையும், இறக்கை தன் தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் வேகம் 44 கிலோமீட்டரையும் தாண்டக் கூடாது. இந்த வரம்புக்குள் நின்றால் அங்கே பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். நம் நாட்டில் மைக்ரோலைட்டுக்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் பதிவு உண்டு, ஓட்டுபவருக்கு உரிமமும் உண்டு. ஆக, சலுகை அவர்களுக்கு. அந்தச் சலுகைக்காக இளைக்க வைத்த விமானம் மட்டும் நமக்கு.

இந்த இளைப்பு எங்கே உறைக்கிறது என்றால், ஓசூரின் உயரத்தில்தான். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கிறது. சித்திரை மாத நண்பகலில் வெப்பம் 33 டிகிரியைத் தொடும்போது, இங்குள்ள காற்று ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்துக்குரிய அடர்த்திக்கு மெலிந்துவிடுகிறது. கடல் மட்டத்துத் திட்ட அடர்த்தியில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. எஞ்சினின் 40 குதிரைத்திறன் 33 அளவுக்கு இறங்குகிறது, புரொப்பெல்லரின் பிடிப்பும் தளர்கிறது, 44 கிலோமீட்டர் ஸ்டால் வேகம் உண்மையில் 48ஐ நெருங்குகிறது. தருமபுரி நகரம் இதில் பாதி உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே மேலெழும்பப் போதுமானதாக இருக்கும் ஓட்டதூரத்தை இங்கே நம்பக் கூடாது. அதனால் கோடையில் காலை எட்டரைக்குப் பிறகு நான் எஞ்சினை இயக்குவதில்லை. அந்நேரத்துக்கு மேல் கிளம்பும் வெப்பக் காற்றோட்டம், இவ்வளவு எடை குறைந்த, இவ்வளவு அகன்ற இறக்கை கொண்ட விமானத்தைப் பாடாய்ப் படுத்தும். ஆடிக் காற்றில் பறப்பது பற்றிய பேச்சே வேண்டாம்.

மெலிந்த காற்றுக்கு ஏற்பக் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டைச் சிறிதாக்கினால், மார்கழி விடியற்காலையின் அடர்ந்த குளிர்காற்றில் கலவையில் பெட்ரோல் குறைந்து, எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறத் தொடங்கும். 650 டிகிரி என்ற உச்சவரம்பை நெருங்கினால் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் பிஸ்டன் பிடித்து நின்றுவிடக்கூடும். பருவத்துக்கு ஒரு ஜெட் வைத்திருப்பதும், எக்ஸாஸ்ட் வெப்பமானியைப் பார்வை படும் இடத்தில் பொருத்துவதும் தவிர்க்க முடியாதவை. பெட்டியில் வந்த அமைப்பின்படி அந்தக் கருவி இருக்கைக்குப் பக்கவாட்டில், முழங்கை மறைக்கும் இடத்தில் இருந்தது. அதை அங்கே வைத்தவர் ஒருநாளும் அதை நம்பிப் பறந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

எஞ்சின் உயரே இருப்பதால் புரொப்பெல்லர் தரையில் கல்லைக் கிளப்புவதில்லை. விமானியின் முன்னால் பார்வையும் மறைவதில்லை. அதற்கான விலை வேறிடத்தில் இருக்கிறது. விசையைக் கூட்டினால் மூக்கு தாழும், குறைத்தால் எழும். ஏறும்போது எஞ்சின் நின்றால் மூக்கு தானாக எழ முயல, எடை குறைவு என்பதால் வேகமும் நொடியில் கரைந்துவிடும்; யோசிக்காமல் ஸ்டிக்கை முன்னே தள்ள வேண்டும். பெரிய விமானத்தில் பயின்றவர்களின் கைக்கு இது எளிதில் பழகுவதில்லை.

இந்த வடிவமைப்பில் நான் மிகவும் மதிப்பது, எதுவும் மறைவாக இல்லாததுதான். இறக்கை நுனியை ஒருவர் மெல்லத் தூக்கித் தாழ்த்த, மற்றவர் இறக்கையைத் தாங்கும் சாய்தண்டான ஸ்ட்ரட்டின் கீழ்முனை போல்ட்டின் மேல் விரலை வைத்தால், துளை தேய்ந்திருப்பது 'டிக்' என்ற சிறு அதிர்வாக விரலுக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தபோது, துளைக்குள் பொருத்தும் வளையமான புஷ் ஒன்றைப் புதிதாகக் கடைந்து வாங்க ஓசூர் சிப்காட் பக்கத்து லேத் பட்டறைக்குப் போனேன். "இது மேல போற வண்டியா சார்? அப்போ மெட்டீரியல் சர்டிபிகேட் எடுத்துட்டு வாங்க, இல்லன்னா நான் தொட மாட்டேன்" என்றார் அங்கிருந்த டர்னர். ஊரின் தொழிற்பழக்கம் அது. சான்றுள்ள 6061-டி6 அலுமினியம் கிடைத்த பிறகே வேலை நடந்தது.

துணி விஷயத்தில் அவ்வளவு நிறைவு இல்லை. வண்ணம் பூசாத டாக்ரானை வெயிலின் புற ஊதாக் கதிர் நலியச் செய்கிறது; துணிக்கு முன்பே தையல் நூல் விட்டுப்போகிறது. வெள்ளிப் பூச்சு கொண்ட துணி நீண்ட காலம் உழைக்கும், ஆனால் எடை கூடும் என்பதால் அதை விலக்கியிருக்கிறார்கள். மீண்டும் அந்த 115 கிலோதான். மூடிய கொட்டகை கட்டாயம். பக்கத்தில் கேழ்வரகு வயல் இருந்தால் எலித் தடுப்பும் கட்டாயம், ஏனெனில் எலியின் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பு கூடியபின் ரப்பர் குழாய்களையும் பம்பின் டயஃப்ராமையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. அளவுக் குப்பியில் 90 மில்லி பெட்ரோலுடன் 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவைத்தால், அடியில் தங்கும் நீர்மட்டம் உயர்ந்திருக்கும். உயர்ந்த அளவு எத்தனாலைக் காட்டும். அது காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், பறந்து முடித்ததும் டேங்கை வடித்துவிடுகிறேன்.

குறைந்த ஸ்டால் வேகத்தின் நன்மை, அவசர இறக்கத்தை நினைக்கும்போது புரியும்: அறுவடை முடிந்த கேழ்வரகு வயல் ஒன்றே போதும். ஆனால் ஓசூரைச் சுற்றி ரோஜாப் பசுமைக் குடில்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புகள், இடையெங்கும் மின்கம்பிகள். 19 லிட்டரில் அவசரத்துக்கான இருப்பைக் கழித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் பறக்க முடியும். அனுமதி பெற்ற தடத்தில் தேன்கனிக்கோட்டை வரை போய்வருவதற்கு அது தாராளம். கிருஷ்ணகிரி அணை வரை என்றால், திரும்பும்போது எதிர்க்காற்று இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும்.