மூன்று திரை கேட்டேன், ஒரே படத்தை மூன்றாகக் காட்டினார்கள்: நம் பக்கத்தில் மானிட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

உச்சிப்புளியில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மண்டபத்தில் இரண்டு நண்டுக் கம்பெனி, ராமேஸ்வரத்தில் மூன்று லாட்ஜ், பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனி, கீழக்கரையில் ஒரு டிக்கெட் ஆபீஸ், அப்புறம் கருவாட்டு வியாபாரிகள் சிலர். இவர்களில் யாராவது பில் இல்லாமல் ஒரு சாமான் வாங்கிவிட்டு வந்தால் என்னிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நான்தான் போன மே மாதம் 21,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டோடு வீடு வந்து சேர்ந்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதே கடையில் அதே பெட்டியை வாங்கி வந்த இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். கடை பெயரைப் போடவில்லை. ராமநாதபுரம் டவுனில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு மூன்று திரை எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஒன்றில் டேலி கணக்கு சாஃப்ட்வேர், ஒன்றில் ஜிஎஸ்டி போர்ட்டல், ஒன்றில் பார்ட்டிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பில் போட்டோ. இதை ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தே கழுத்து போய்விட்டது. 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்கு, 20-ம் தேதிக்குள் 3பி என்கிற வரிக் கணக்கு என்று மாதம் ஓடிவிடும். ஆபீஸ் வேலைக்கு நாள் கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு போவதால் நண்டுக் கணக்கு நிற்காது, ஆனால் ஐஸ் கம்பெனி வேலை பாதியாகும். அந்தச் சந்தில் ஆபீஸைச் சரி செய்துவிடலாம் என்று போனேன்.

கடையில் மூன்று மானிட்டரை வரிசையாக வைத்து, ஒன்றில் எக்செல், ஒன்றில் யூடியூப், ஒன்றில் ஏதோ படம் என்று ஓட்டிக் காட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. “உங்க சிபியு பழசுதானே மேடம், பரவாயில்ல, த்ரீ அவுட் கார்டு ஒண்ணு போட்டா மூணும் ஓடும்” என்றார் முதலாளி. மூன்று மானிட்டர் மாட்டத் துளை உள்ள கிராபிக்ஸ் கார்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். விலையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 22 அங்குல ஃபுல் எச்டி ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரி செய்து விற்பது) மானிட்டர் மூன்று, ஒன்று 4,200 வீதம் 12,600. த்ரீ அவுட் கார்டு 3,800. மேஜையில் மாட்டும் ஸ்டாண்டு 3,200. கேபிளும் ஃபிட்டிங்கும் 1,400. மொத்தம் 21,000. “பில் வேணும்னா 18 பர்சென்ட் தனி, 3,780 வரும்.” நான் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவள், வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. சரி, 3,780 மிச்சம் என்று தலையை ஆட்டிவிட்டேன். பணத்தை யுபிஐயில் போட்டேன். கடை பெயருக்குப் போகவில்லை, ஏதோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது. அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் பின் நம்பரை அழுத்தினேன்.

மாட்ட வந்த தம்பி ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். மூன்று திரையிலும் விண்டோஸ் படம் வந்தது. மூன்றிலும் ஒரே படம். மவுஸை நகர்த்தினால் மூன்றிலும் சேர்ந்து நகர்ந்தது. “டிரைவர் சாஃப்ட்வேர் இறங்கணும்க்கா, நெட் ஸ்லோவா இருக்கு. நாளைக்கு ரிமோட்ல போட்டு விடுறேன்.” நாளை என்பது எட்டு நாளானது. ஒன்பதாம் நாள் இன்னொருவர் வந்து, “உங்க மதர்போர்டு சப்போர்ட் பண்ணல, கன்வெர்ட்டர் ஒண்ணு போடணும்” என்று யுஎஸ்பியில் சொருகும் ஒரு குட்டிப் பெட்டியை 2,200 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது இரண்டு திரையில் ஒரே படம், மூன்றாவதில் வேறு படம். மொத்தம் 23,200.

பெரியபட்டினத்தில் இருந்து எங்கள் தெருவுக்கு வந்து போகும் ஒரு பையன், இன்ஜினீயரிங் படிக்கிறவன், ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்தான். “அக்கா, கார்டு எங்கே?” என்றான். பின்னால் தொங்கிய கறுப்புப் பெட்டியைக் காட்டினேன். சிரித்துவிட்டான். “இது கார்டு இல்லக்கா, ஸ்ப்ளிட்டர்.”

விஷயமே இதுதான். கிராபிக்ஸ் கார்டு என்றால் சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டில் சொருக வேண்டும். வந்த தம்பி ஸ்க்ரூ டிரைவரை சிபியு பக்கமே கொண்டுபோகவில்லை, நானும் பக்கத்தில் டீ கிளாஸோடு நின்றுதான் பார்த்தேன். ஸ்ப்ளிட்டர் என்பது கேபிள் டிவிக்காரர்கள் ஒரு லைனை இரண்டு வீட்டுக்குப் பிரிப்பது மாதிரி. படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று உள்ளே போகும், அதே படம் மூன்றாக வெளியே வரும். கம்ப்யூட்டருக்கு, தன்னிடம் ஒரு மானிட்டர் மாட்டியிருப்பதாகத்தான் தெரியும். துணிக்கடையில் நாலு டிவியில் ஒரே விளம்பரம் ஓட்ட அது நல்ல சாமான். எந்த டிரைவரை இறக்கினாலும் கணக்கு வேலைக்கு ஆகாது. இதைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்: டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் 1, 2, 3 என்று மூன்று கட்டம் வர வேண்டும். என் கம்ப்யூட்டரில் அந்த முதல் நாள் 1 மட்டும்தான் இருந்திருக்கும். விண்டோஸ் பட்டனோடு ‘பி’யை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும்.

அதைவிட எரிச்சல், அந்தப் பையன் பரணில் கிடந்த என் பழைய மானிட்டரின் விஜிஏ கேபிளை எடுத்து, சிபியு பின்னால் சும்மா இருந்த நீல நிற விஜிஏ போர்ட்டில் சொருகியதும் இரண்டாவது திரை தனியாக ஓட ஆரம்பித்தது. செலவு பூஜ்யம். பல பழைய மதர்போர்டுகளில் எச்டிஎம்ஐ ஒன்று, விஜிஏ ஒன்று இருக்கும். இரண்டு திரைக்கு அதுவே போதும். மூன்றாவதற்கு மட்டும்தான் கார்டோ கன்வெர்ட்டரோ தேவை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கார்டு மாட்டினால் பல கம்ப்யூட்டர்களில் மதர்போர்டின் சொந்த போர்ட்டுகள் தூங்கிவிடும், கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கும் பயாஸ் செட்டிங்ஸில் போய் எழுப்ப வேண்டும். இது தெரியாமல் “போர்டு போச்சு” என்று சொல்லி போர்டையே மாற்ற வைத்த கதை கீழக்கரை டிக்கெட் ஆபீஸில் நடந்திருக்கிறது.

அந்த யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஏமாற்று இல்லை, ஆனால் வேலை தெரிந்து வாங்க வேண்டிய சாமான். படத்தைச் சுருக்கி யுஎஸ்பி வழியாக அனுப்பும் வேலை பிராசஸர் தலையில் விழுகிறது. பழைய கம்ப்யூட்டரில் மவுஸ் இழுத்து இழுத்துப் போகும். அசையாமல் நிற்கும் பில் போட்டோவுக்குச் சரி, வீடியோவுக்குச் சரிப்படாது.

இனி மானிட்டர். ‘ஃபுல் எச்டி’ என்றால் திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள். எனக்கு வந்ததில் இரண்டு, பழைய 1680-க்கு 1050 பேனல். கம்ப்யூட்டர் அனுப்பும் 1080 படத்தை வாங்கி, மானிட்டர் தானே நசுக்கிக் காட்டும். அதனால் செட்டிங்ஸில் 1920 என்றே எழுதியிருக்கும், பார்க்கிறவர் நம்பிவிடுவார். என் கண்ணுக்கு முதலில் பட்டது வட்டம். லாட்ஜ் பில்லில் இருந்த வட்டமான முத்திரை முட்டையாக நின்றது. அப்புறம் எழுத்து. 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரிந்தது. கண் கோளாறு என்று நினைத்து ராமநாதபுரம் போய்க் கண்ணாடியைக்கூட மாற்றிவிட்டு வந்தேன். ஐஸ் கம்பெனியின் ஒரு பில் நம்பரில் 8-ஐ 3 என்று அடித்து ஜிஎஸ்டிஆர்-1 போய்விட்டது. தூத்துக்குடி பார்ட்டி கையில் இருந்த பில் அவர்களின் 2பி-யோடு (போர்ட்டல் காட்டும் கொள்முதல் பட்டியல்) பொருந்தவில்லை, போன் வந்தது, அடுத்த மாதம் திருத்தம் போட்டேன். ரீஃபர்பிஷ்டு மானிட்டர் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு வந்த மூன்றாவது இன்றும் நன்றாக ஓடுகிறது. அதன் பின்னால் மாடல் நம்பர் ஸ்டிக்கர் இருக்கிறது. மற்ற இரண்டிலும் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அதில் ஒன்றின் எச்டிஎம்ஐ துளைக்குள் பச்சை பூத்திருந்தது. கடற்கரை ஊரில் ஏற்கெனவே வருஷக்கணக்கில் ஓடிய சாமான் என்று அதைப் பார்த்தாலே தெரியும். நம் உப்புக் காற்றுக்கு அது இன்னொரு கச்சான் காற்றுக் காலம் தாங்குவதே சந்தேகம்.

ஸ்டாண்டு கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மானிட்டர் முதுகில் ஸ்டாண்டு மாட்ட நான்கு ஓட்டை இருக்கும், 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில். ஒரு மானிட்டரில் அது இல்லை. வந்த தம்பி டிரில்லை வைத்துத் தானே நான்கு ஓட்டை போட்டுவிட்டார்.

கடைக்குப் போனேன். “யூஸ் பண்ணின ஐட்டம் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் மேடம்.” நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். விவரமெல்லாம் கேட்டுவிட்டு, பில் இருக்கிறதா என்றார்கள். என் வாழ்க்கையில் எத்தனை பேரிடம் இதே கேள்வியை இதே குரலில் கேட்டிருக்கிறேன்! துண்டுச் சீட்டில் கடை பெயரே இல்லை, ஜிஎஸ்டி எண் எங்கே இருக்கப் போகிறது. கையில் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த விலைப்பட்டியல், அதில் ‘த்ரீ அவுட் கார்டு’ என்று அவர் கைப்படத் தட்டியது, பிறகு வங்கி ஸ்டேட்மெண்ட். இரண்டையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். “ஆபீசுக்கு வாங்கினா கன்ஸ்யூமர் கோர்ட் செல்லாது” என்றார் முதலாளி. பாதி உண்மை. வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் கணக்கில் வராது. ஆனால் சொந்தத் தொழில் செய்து பிழைக்கிறவர் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியது வரும், 2019 சட்டத்திலேயே இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யாரிடமோ போனில் பேசினார். 5,000 ரூபாய் திருப்பித் தந்தார். அதற்கு மேல் ஒரு பைசா பெயரவில்லை. வழக்குப் போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கருவாட்டு வியாபாரி ஒருவருக்கு இந்தக் கதை எப்படியோ எட்டிவிட்டது. போன வாரம் தராசு வாங்கிய ரசீதை மேஜையில் வைத்து, “பாருங்கக்கா, பில்லுதான். எஸ்டிமேட் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஸ்ப்ளிட்டரைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை, மேஜை டிராயரில்தான் இருக்கிறது. கறுப்பு நிறம், தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த அளவு, ஒரு பக்கம் ஒரு துளை, மறுபக்கம் வரிசையாகத் துளைகள். டவுனுக்கு மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் போகும் வழியில் உச்சிப்புளியில் இறங்கி ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம். 11-ம் தேதி மட்டும் வராதீர்கள்.