புது ஊரில் குடியேற யார் துணை: ஏஜென்சியா, சொந்தக்காரரா, சபையா?

மூன்று முறை ஊர் மாறியிருக்கிறேன். முதல் முறை, வேலைக்கு எடுத்த நிறுவனமே குடியமர்த்தும் ஏஜென்சி ஒன்றை ஏற்பாடு செய்தது. இரண்டாம் முறை போன ஊரில் சித்தப்பா இருந்தார். நேராக அவர் வீட்டில் போய் இறங்கினோம். மூன்றாம் முறை தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊர். நாங்கள் போய்வந்த பழைய கிறிஸ்தவச் சபையின் போதகர் அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். என் சாய்வு சபைப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் சபையே போதும் என்று சொல்ல மாட்டேன். வீடு பிடிக்கும் வேலைக்கு இன்றைக்கும் காசு கொடுத்து ஆள் வைப்பதுதான் நல்லது என்பேன்.

வீடு

காசு வாங்கிக்கொண்டு செய்கிறவரிடம் ஒரு வசதி உண்டு. அவரைக் கேள்வி கேட்கலாம். முன்பணம் எவ்வளவு, காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், ரிப்பேர் யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் ஏஜென்சிக்காரர் எழுத்தில் கொண்டுவந்து காட்டினார். ஒரு வரி பிடிக்கவில்லை, மாற்றச் சொன்னேன், மாற்றினார். அவருக்கும் மனவருத்தம் இல்லை, எனக்கும் இல்லை.

சபை வழியாக வீடு கிடைப்பது வேறு மாதிரி. விளம்பரத்துக்குப் போகும் முன்பே தகவல் நம் காதுக்கு வந்துவிடும். எங்களுக்குச் சபை மூப்பர் ஒருவர் தன் வீட்டு மாடியைக் கொடுத்தார். வாடகையும் நியாயமாகத்தான் சொன்னார். குடிபோன அன்றே தன் வீட்டுக் கட்டிலில் ஒன்றை மகன்களோடு சேர்ந்து மேலே தூக்கிவந்து போட்டார். இரண்டாம் வாரம் குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. கட்டில் கொடுத்த மனுஷரிடம் குழாய்க்காக எப்படிப் போய் நிற்பது? அடியில் வாளியை வைத்து மூன்று வாரம் ஓட்டினோம். ஒரு நாள் ஏதோ காரியமாக மேலே வந்தவர் வாளியைப் பார்த்துவிட்டார். "தம்பி, இதை அன்னைக்கே சொல்ல வேண்டாமா? சுவரெல்லாம் ஊறிப்போச்சே" என்றார். கீழே போய் ஸ்பேனரோடு திரும்பி வந்தார். அரை மணி நேரத்தில் புது வாஷர் போட்டு முடித்துவிட்டார்.

அவர் மேல் ஒரு குறையும் இல்லை. நன்றிக்கடன் எங்கள் வாயைக் கட்டிவிட்டது, அவ்வளவுதான். அதனால் விசுவாசியின் வீடாகவே இருந்தாலும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். ரிப்பேர் பற்றி அதில் ஒரு வரி இருந்தால் போய்க் கேட்பதற்குத் தயக்கம் வராது. அவரும் சுவரைக் காப்பாற்றிக்கொள்வார்.

போய் இறங்கும் ராத்திரி

இதில் சொந்தக்காரர்தான் முதல் இடம். எந்த நேரத்தில் தட்டினாலும் அந்தக் கதவு திறக்கும். குழந்தை அழுதாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சித்தப்பா வீட்டில் எங்களை எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஒரு மாதம் என்று மனதில் நினைத்துக்கொண்டு போனது ஏழு வாரம் ஆனது. அவர் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய அறையில் எங்கள் பெட்டிகள் அடுக்கியிருந்தன. சித்தி கடைசிவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளைச் சுற்றி அவர் ஒதுங்கி ஒதுங்கி நடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஆதித் திருச்சபை இந்தச் சிக்கலை நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. 'திதாக்கே' என்று ஒரு பழைய சபைக் கையேடு உண்டு. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டிருக்கலாம் என்பது பலருடைய கணிப்பு. நெடுங்காலம் காணாமல் போயிருந்த அதன் கிரேக்கப் பிரதி 1873ல் கான்ஸ்டான்டிநோபிளில் கிடைத்தது. வழிப்போக்கராக வருபவருக்கு முடிந்த உதவியைச் செய்யுங்கள், அவர் இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்று நாள் தங்கட்டும் என்கிறது அது. இங்கேயே குடியிருக்க வந்தவர் தொழில் தெரிந்தவரானால் உழைத்துச் சாப்பிடட்டும். தொழில் தெரியாதவருக்கு என்ன வழி என்று நீங்களே யோசித்து ஏற்பாடு செய்யுங்கள் என்றும் சொல்கிறது. விருந்தாளி வேறு, குடியேற வந்தவர் வேறு என்று கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். சொந்தக்காரர் வீட்டில் அந்தக் கோட்டை நாம்தான் போட வேண்டும். போன அன்றே "பத்து நாளில் வீடு பார்த்துவிடுவோம் சித்தி" என்று நான் சொல்லியிருந்தால் எல்லாருக்குமே நிம்மதியாக இருந்திருக்கும்.

கேட்கத் தெரியாத கேள்விகள்

ஏஜென்சி எங்களுக்கு வழுவழுத் தாளில் அச்சடித்த ஒரு கையேடு தந்தது. நாற்பது பக்கம் இருக்கும். அருங்காட்சியகம், பூங்கா, அவசர எண்கள் எல்லாம் இருந்தன. கேட்ட கேள்விக்கு ஏஜென்சிக்காரர் உடனே பதில் சொல்வார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் புது ஊரில் நம்மைத் திணறடிப்பது, கேட்க வேண்டும் என்றே தெரியாத கேள்விகள்.

மூன்றாவது ஊரில் இரண்டாம் சனிக்கிழமை, பெண்கள் ஐக்கியத்திலிருந்து வயதான ஓர் அம்மா வீட்டுக்கு வந்தார். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த கோடு போட்ட தாள் ஒன்றை மனைவியிடம் கொடுத்தார். நீல மையில், கொஞ்சம் நடுங்கிய கையெழுத்து. எந்தக் குழந்தை மருத்துவர் இரவு எட்டு மணிக்கு மேலும் பார்ப்பார், இந்தத் தெருவில் எந்தக் கிழமை தண்ணீர் வராது, கடைசிப் பேருந்தை நம்பிக் கிளம்பக் கூடாது, பள்ளிச் சேர்க்கைக்கு எந்தச் சான்றிதழ் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பதினான்கு வரிகள். கடைசி வரியில் அவர் தொலைபேசி எண். பக்கத்தில் "ராத்திரி என்றாலும் கூப்பிடவும்".

அந்த மாதமே கூப்பிட வேண்டி வந்தது. மகளுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப்போட்டது. மணி இரவு பதினொன்றரை. அந்த அம்மாவின் மகன் வண்டியோடு வந்தார். அவர் மருமகள் நாங்கள் திரும்பும்வரை எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டார். மறுநாள் மூன்று வேளைச் சாப்பாடு மூன்று வீடுகளிலிருந்து வந்தது. யார் எந்த வேளை என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்திருந்தார்கள். ஏஜென்சியின் ஒப்பந்தம் முப்பது நாள்தான். முப்பத்தோராம் நாள் வரும் காய்ச்சலுக்கு அவர்கள் பொறுப்பாக முடியாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. சித்தப்பா வீட்டிலும் இதே அன்பு கிடைத்திருக்கும். ஆனால் சித்தப்பா ஒருவர். அவருக்கும் உடம்பு முடியாமல் போனால் அடுத்தது யார்?

இணையத்தில் இருக்கும் ஊர்க் குழுக்களையும் சொல்ல வேண்டும். எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்பார்கள் என்பதற்கு அவை நன்றாக உதவின. கட்டில் தூக்க ஆள் வேண்டும் என்றால் அங்கே கேட்டுப் பயன் இல்லை.

வேலை

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்ற 54 பேரிடம், தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று அவர் கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம். மீதிப் பேர் மிக அரிதாகப் பார்ப்பவர் என்றார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்தே இருக்கும். புதுத் தகவல் கொஞ்சம் தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும் என்பது அவர் வாதம். சிறிய ஆய்வுதான். ஆனால் என் அனுபவம் அப்படியே இதோடு பொருந்துகிறது.

ஆபீஸில் எல்லாரும் ஒரே தொழில். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவர்களே. சபையில் ஒரே வரிசையில் வண்டி ஓட்டுபவர், நர்ஸ், கணக்காளர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். மனைவிக்கு அந்த ஊரில் வேலை கிடைத்தது, பாடகர் குழுவில் இரண்டு வரிசை தள்ளி நிற்கும் ஒருவர் சொன்ன தகவலால். அவர் பெயர்கூட அப்போது எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் மொழி பேசுபவர்கள் மட்டும் கூடும் சபை என்றால் முதல் ஞாயிறே மனசு குளிர்ந்துவிடும். ஆனால் அவர்களும் நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்களாக இருந்தால், ஊரின் ஒரு மூலைதான் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஊர்க்காரர்களும் வந்தவர்களும் கலந்திருக்கும் சபையில் ஒட்டிக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடிக்கும். நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். தாய்மொழி ஆராதனைக்கு மாதம் ஒரு முறை போய்வரலாம்.

பெரிய சபையா, சின்ன சபையா என்றும் கேட்பார்கள். பெரிய சபையில் ஏற்பாடு இருக்கும், ஆள்பலம் இருக்கும். ஆனால் மூன்று மாதம் வந்து போனாலும் யாருக்கும் தெரியாமல் இருந்துவிடலாம். சின்ன சபையில் ஒரு ஞாயிறு வராவிட்டாலே விசாரிப்பார்கள், ஆனால் எல்லாச் சுமையும் இரண்டு மூன்று குடும்பங்களின் தலையில் விழும். பெரிய சபை என்றால் வீட்டு ஜெபக் குழுவிலோ, அன்பியம் என்னும் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவிலோ சேர்ந்துவிடுங்கள். கத்தோலிக்கக் கோயில் என்றால் வின்சென்ட் தே பவுல் சபை என்ற உதவிச் சங்கம் அங்கே இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவர் 1833ல் பாரிஸில் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது அது. அவரும் லியோன் நகரத்திலிருந்து பாரிஸுக்குப் படிக்க வந்தவர்தான். உதவி தேவைப்படுபவரின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது அன்றிலிருந்து அவர்கள் வழக்கம்.

சபையில் சங்கடம் வரும் இடங்கள்

ஏஜென்சிக்குக் கொடுப்பது பணம். சபைக்குக் கொடுப்பது வேறு. அதில் மிகவும் வலிக்கக்கூடியது நம் அந்தரங்கம். மகளின் சிகிச்சை பற்றி ஒருவரிடம் நம்பிக்கையோடு சொன்னோம். அடுத்த ஜெபக்கூட்டத்தில் நோயின் பெயரோடு, பரிசோதனை விவரத்தோடு அது ஜெபக் குறிப்பாக வாசிக்கப்பட்டது. அன்பினால் செய்ததுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மனைவி அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "இது நமக்குள் இருக்கட்டும், பெயர் சொல்லாமல் ஜெபியுங்கள்" என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பண உதவி தேவைப்பட்டால் தனி ஆளிடம் கைமாற்றாக வாங்காமல், சபை நிதியில் முறையாகக் கேளுங்கள். கொடுத்தவர் ஒவ்வொரு ஞாயிறும் நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ஆராதனையில் மனம் நிற்காது.

இன்னொன்று, உதவி எல்லாருக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடாது. எல்லாவற்றையும் பொதுவாக வைத்து வாழ்ந்த எருசலேம் சபையிலேயே அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள், வேறு மொழிக்காரர்கள்தான் முதலில் விடுபடுகிறார்கள். அதற்கு அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கும்படி சபையாரிடமே சொல்லி, அந்த ஏழு பேர் கையில் பொறுப்பைக் கொடுத்தார்கள். அதனால் எந்தச் சபைக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இது: "புதிதாக வருகிறவர்களை இங்கே யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" ஒரு பெயரைச் சொன்னால் நிம்மதி. "எல்லாரும்தான்" என்று பதில் வந்தால், நாமாகவே இரண்டு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

விசுவாசம் இல்லாதவர் இந்த உதவியை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாராளமாக வாங்கலாம். "எனக்கு உங்கள் விசுவாசம் இல்லை, ஊர் புதிது, உதவி வேண்டும்" என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. நான் பார்த்தவரை நல்ல சபைகள் அதற்குப் பிறகும் கட்டில் தூக்க வந்திருக்கின்றன. சேர்ந்தால்தான் உதவி, காணிக்கை கொடுத்தால்தான் உதவி என்று பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடிதம் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். கெங்கிரேயா என்ற ஊர்ச் சபையின் பெபேயாள் என்ற பெண்ணை ரோம் சபைக்கு அறிமுகப்படுத்திப் பவுல் எழுதியது ரோமர் 16ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. அவளுக்கு எந்தக் காரியத்தில் உதவி தேவையோ அதைச் செய்யுங்கள், அவள் பலருக்கு உதவியவள் என்கிறார். எங்கள் போதகர் எழுதியதும் ஏறக்குறைய அதேதான். மனைவி ஞாயிறு பள்ளியில் கற்பிப்பார், நான் ஒலிபெருக்கி வேலை பார்ப்பேன் என்று இரண்டு வரி அதில் இருந்தது. மூன்றாம் வாரமே என்னை ஒலிபெருக்கி மேசைக்குக் கூப்பிட்டார்கள். ஏஜென்சிக்கு நான் கடைசிவரை வாடிக்கையாளர், சித்தப்பா வீட்டில் கடைசிவரை விருந்தாளி. இங்கே ஒரு மாதத்துக்குள் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. ஊர் மாறப்போகிறவர்கள் சாமான் கட்டும் முன்பே இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வருகிற சனிக்கிழமை எங்கள் தெருவுக்கே ஒரு குடும்பம் வருகிறது. இரண்டாம் மாடி, லிப்ட் இல்லை. மனைவி அந்த அம்மாவின் தாளைப் பார்த்துப் பார்த்து வேறு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த மருத்துவர் இப்போது ஏழரைக்கே மூடிவிடுகிறார், அதை மாற்ற வேண்டும். சாமான் தூக்க மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன்.