அடிக்க நல்ல மருந்து, வடிகட்டத்தான் உயிர் போகிறது: வேப்பங்கொட்டைக் கரைசலோடு ஐந்து வருஷம்

நேற்று மூன்றாவது தடவையாக ஸ்பிரேயரை ரிப்பேர் பார்த்து வாங்கினேன். மெக்கானிக் நாசிலைக் கழற்றி உள்ளங்கையில் தட்ட, குருணை மாதிரி வேப்பம்பருப்புப் பிசிறு விழுந்தது. நாசில், வால்வு சேர்த்து 350 ரூபாய். வீடு வருவதற்குள் தங்கச்சி வீட்டுக்காரர் போன். "மச்சான், கடலையில புழு. நீங்க அடிக்கிற கரைசலுக்குக் கேக்குதா, இல்ல கடையில விக்கிற வேப்ப மருந்து பாட்டிலே வாங்கிடட்டுமா?"

கேட்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மார்கழிப் பட்டத்துக் கடலையில் வருஷா வருஷம் புரொடீனியா என்கிற இலை தின்னும் புழு வருகிறது. முதல் வருஷம் அடித்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் புழு அப்படியே உயிரோடு இருந்தது. கோபத்தில் கடைக்கே கிளம்பிவிட்டேன். அப்புறம்தான் இலையைப் புரட்டினேன். ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கடி, அதற்கு மேல் தொடவில்லை. பக்கத்து இலையிலும் அதேதான். நாலாம் நாள் புழு சுருங்கி, தோல் உரிக்க முடியாமல் பாதியில் நின்றிருந்தது. கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் முதலில் புழுவின் வாயைக் கட்டுகிறது, பிறகு வளர்ச்சியைக் கெடுக்கிறது. 1962இல் டெல்லிப் பக்கம் வெட்டுக்கிளி படையெடுத்தபோது பூச்சியியல் விஞ்ஞானி எஸ். பிரதான் குழுவினர் இந்தக் கரைசலைத்தான் பயிரில் அடித்தார்கள். வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது, தின்னவில்லை. என் வயலில் பார்த்த அன்றைக்கு அதை முழுசாக நம்பினேன்.

கத்தரியில் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தண்டுக்குள் நுழைந்துவிட்ட புழுவுக்கு இலைமேல் கசந்து என்ன பயன்?

என் கோபமெல்லாம் வடிகட்டுவதில்தான். 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, அம்மாவின் பழைய நூல்புடவையை நாலாக மடித்துப் பிழிய வேண்டும். இரண்டாவது டேங்கிலேயே புடவை வழுவழுவென்று அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஒரு மடிப்பைப் பிரித்தால் போச்சு, பாதி வரப்பில் நாசில் மூச்சு விடாது. வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயந்திரம்தான் அடிக்க முடியும். நாசிலைக் குத்திக் குத்திச் சரிசெய்வதற்குள் இருட்டிவிடுகிறது. வடித்ததை நாளைக்கென்று வைக்கவும் முடியாது. என் போர்த்தண்ணீர் உப்பு வேறு. காரத்தண்ணீரில் சத்து சீக்கிரம் கெடும் என்பதால் குடிதண்ணீரைச் சுமக்கிறேன்.

கொட்டையும் லேசுப்பட்டதில்லை. ஆடியில் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, சாக்கில் வைத்தால் தை, மாசிக்குச் சரியாக இருக்கும். எட்டு மாசம் தாண்டினால் வீரியம் குறையும். போன வருஷம் மழையில் நனைந்து அரை மூட்டை பூஞ்சை பிடித்தது.

மாப்பிள்ளையிடம் பாட்டிலே வாங்கச் சொல்லிவிட்டேன். தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்க, சாயந்திரம் அடிங்க, மறுநாள் புழு சாகலையேன்னு பதறாதீங்க, இலையைப் பாருங்க என்றேன். அடுத்த பட்டத்துக்கு நானும் பாட்டில்தான். இந்தக் கையால் இனிப் புடவை பிழிவதாக இல்லை.