தெரியாத வினையைக் கணிக்க: விதியா, இடைவெளி நிரப்பலா, இயந்திரக் கற்றலா?

உயிரணுவுக்குள் நடக்கக்கூடிய, ஆனால் இதுவரை யாரும் பதிவு செய்யாத வேதிவினைகளைக் கணினியில் தேட மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: வினை விதிகள், இடைவெளி நிரப்பல், இயந்திரக் கற்றல். புதுப் பொருள் ஒன்றை நுண்ணுயிரியில் செய்யப் பார்ப்பவர் விதிகளிலிருந்தே தொடங்கலாம் என்பேன்.

வினையை விரைவுபடுத்தும் புரதமான நொதி (என்சைம்) தனக்குரிய மூலக்கூறை மட்டுமே தொடும் என்பதில்லை. அதேபோன்ற அமைப்புள்ள வேறொன்றையும் மாற்றிவிடும். அந்தக் குணத்தை நம்பி, தெரிந்த வினைகளில் எந்தப் பிணைப்பு அறுகிறது, எது உருவாகிறது என்பதை விதியாக எழுதி, மற்ற மூலக்கூறுகளிலும் பொருத்திப் பார்க்கிறார்கள். 2016இல் வெளியான ‘அட்லஸ் ஆஃப் பயோகெமிஸ்ட்ரி’ என்ற தரவுத்தளம் இப்படித்தான் 1,30,000க்கும் மேற்பட்ட கற்பித வினைகளைத் தந்தது. வெறும் ஏட்டுக் கணக்கு என்று இதை ஒதுக்க முடியாது. ஜெனோமாட்டிகா நிறுவனம் பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் 1,4-பியூட்டேன்டையாலுக்கு 10,000க்கும் மேற்பட்ட வழித்தடங்களை, அதாவது அடுத்தடுத்த வினைத் தொடர்களை, கணினியில் கண்டது. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்ததை ஈ.கோலை பாக்டீரியாவில் பொருத்தி, லிட்டருக்கு 18 கிராம் வரை எடுத்ததாக 2011இல் அறிவித்தது. இயற்கையில் கிடைக்காத பொருள் அது!

சிக்கல் எங்கே வருகிறது? மாறும் அணுவைச் சுற்றி எவ்வளவு தூரம்வரை விதி பார்க்க வேண்டும் என்பதில்தான். அந்தத் தூரத்தை, அதாவது ஆரத்தை, குறைத்தால் எல்லாமே பொருந்தி, நாலைந்து படிகளுக்குள் பட்டியல் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். கூட்டினால் தெரிந்த வினைகளே திரும்பி வரும். அதனால் வினை எந்தத் திசையில் தானாக நடக்கும் என்பதைக் காட்டும் கிப்ஸ் ஆற்றலைக் கணக்கிட்டு, நடக்க வாய்ப்பில்லாத திசைகளைக் கழித்தே ஆக வேண்டும்.

இடைவெளி நிரப்பலின் கேள்வி வேறு. மரபணுத் தொகுதியை வைத்து ஓர் உயிரியின் வினை வலையமைப்பைக் கட்டுகிறோம். ஆய்வகத்தில் ஒரு சர்க்கரையில் நன்றாக வளரும் உயிரி, கணினி மாதிரியில் வளர மறுக்கிறது. அப்போது ஏதோ ஒரு படி விடுபட்டிருக்க வேண்டும். தெரிந்த வினைகளின் தரவுத்தளத்திலிருந்து முடிந்தவரை குறைவான வினைகளைச் சேர்த்து மாதிரியை வளரவைப்பார்கள். உயிரியைப் புரிந்துகொள்ள இதுவே நேரான வழி. ஆனால் இப்படிச் சேர்த்த மிகச் சிறிய தொகுப்புதான் உயிரியில் உண்மையில் நடப்பது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தரவுத்தளத்தில் இல்லாத வினையை இது கண்டுபிடிக்கவும் செய்யாது. அட்லஸ் போன்ற கற்பித வினைகளையும் கையிருப்பில் சேர்த்தால் அந்தக் குறை ஓரளவு தீரும்.

சரி, இயந்திரக் கற்றல்? மூலக்கூறுகளை எழுத்துச் சரங்களாகப் படித்து, விளைபொருளை நேரே சொல்லும் மாதிரிகள் வந்துவிட்டன. விதி எழுத வேண்டிய வேலை இல்லை. ஆனால் கரிம வேதியியல் காப்புரிமைகளில் கிடைக்கும் அளவுக்கு நொதி வினைத் தரவு இல்லை. நடக்காமல் போன வினைகளை வெளியிடுவதும் அபூர்வம் என்பதால், எது நடக்காது என்பதை அவை சரியாகக் கற்பதில்லை. வழித்தடத்தை முழுதாக அவற்றிடம் ஒப்படைக்க எனக்குத் துணிவு வராது. விதிகள் தந்த நீண்ட பட்டியலில் எந்தப் படிக்கு எந்த நொதியை முதலில் சோதிப்பது என்று வரிசைப்படுத்த மட்டும் தாராளமாகப் பயன்படுத்துவேன்.