முழங்கையில் தார்: ஆறு வருட அனுபவம்

எனக்குச் சொரியாசிஸ் வந்து 11 வருடம் ஆகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். இரண்டு முழங்கை, உச்சந்தலை, காதுக்குப் பின்புறம் என்று செதில் உதிரும். முதல் 5 வருடம் ஸ்டீராய்டு களிம்புதான். பூசிய ஒரே வாரத்தில் தோல் வழவழவென்று ஆகிவிடும். நிறுத்தினால் முன்னைவிட அகலமாகத் திரும்பி வரும். தோலும் பூண்டுத் தோல் மாதிரி மெலிந்துவிட்டது. அப்புறம்தான் தோல் மருத்துவர் நிலக்கரித் தாரைச் சொன்னார்.

வீட்டில் சொன்னதும் மாமனார், "எங்க தாத்தா டண்டீ சுரங்கத்துல கரி வெட்டுனவரு. அந்தக் கரியில மருந்தாம்மா?" என்று கேட்டார். மருந்துதான். நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கோக் எடுக்கும்போது வடிகிற கறுப்புக் குழம்பு இது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் டாக்டர் கோக்கர்மன் 1925-லேயே இதைப் புற ஊதா ஒளியோடு சேர்த்துச் சொரியாசிஸுக்குக் கொடுத்திருக்கிறார்.

மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு கையிலும் இரண்டு விதமாகப் பூசிப் பார்த்தேன். இடது முழங்கையில் வாசலினில் குழைத்த 5 சதவீதக் கச்சாத் தார். வலதில் 10 சதவீத எல்.பி.சி. கிரீம். எல்.பி.சி. என்பது தாரை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாறு. அந்தச் சாற்றிலேயே தார் 20 சதவீதம்தான். ஆக என் கிரீமில் இருப்பது 2 சதவீதம். டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முதல் இரண்டு வாரம் அரிப்பு குறைந்தது, வேறொன்றும் இல்லை. இடது கை ஆறாவது வாரத்தில் தட்டையானது. வலதுக்கு ஒன்பது வாரம் பிடித்தது. ஆனாலும் நான் எல்.பி.சி.யோடுதான் நின்றேன். கச்சாத் தார் பூசினால் புதிதாகத் தார் போட்ட ரோட்டின் வாடை, தலையணை உறையில் போகாத பழுப்புக் கறை, மயிர்க்கால்களில் சின்னச் சின்னக் கொப்புளம். கொப்புளத்துக்கு ஒரு வழி உண்டு: தேய்க்காமல், முடி படிந்திருக்கும் திசையிலேயே மெல்ல இழுத்துப் பூச வேண்டும். அதற்கு முன்னால் சாலிசிலிக் களிம்பு போட்டுச் செதிலைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மருந்து செதிலோடு உதிர்ந்து போகும்.

வெயில் விஷயத்தில் நான் பட்டது போதும். இங்கே தைப்பூசம் நடுக் கோடையில் வரும். ஒரு வருடம் காலையில் தார் பூசிவிட்டு அரைக்கை ரவிக்கையோடு காவடிக்குப் போனேன். மாலைக்குள் முழங்கை வெந்தது போல் சிவந்துவிட்டது, பிறகு அந்தப் புண் இருந்த இடத்திலேயே புதுப் படை கிளம்பியது. இப்போது இரவில் மட்டும்தான் பூசுகிறேன். காலையில் கழுவிவிட்டு முழுக்கைச் சட்டை.

புற்றுநோய் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. தார் ஆலைத் தொழிலாளர்களுக்குத் தோல் புற்று வந்தது உண்மை. ஆனால் சொரியாசிஸ், எக்ஸிமா நோயாளிகள் சுமார் 13,200 பேரை வைத்து நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. தார் பூசியவர்களுக்கு ஆபத்து கூடியதாக அதில் தெரியவில்லை. அதைப் படித்த பிறகுதான் நிம்மதியாகத் தொடர்ந்தேன்.

தலைக்குத் தார் ஷாம்பு, வாரம் இரண்டு முறை, 5 நிமிடம் ஊறவிட்டு அலசுகிறேன். நரைமுடி கொஞ்சம் மஞ்சளாகும். இந்த ஜூலைக் குளிரில் வலது முழங்கையில் 5 ராண்ட் நாணயம் அளவுக்கு ஒரே ஒரு திட்டுதான் மிச்சம். நேற்று இரவும் பூசி, பழைய பருத்திச் சேலையில் கிழித்த துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுத்தேன்.