ரங்கூனில் வாய்ப்புற்று அறுவைக்குப் பின் வீட்டுச் செவிலியர் சேவை: எங்கள் மதிப்பீடு

புற்றுநோய் கண்ட நாக்கின் ஒரு பகுதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் அகற்றி, முன்கையிலிருந்து தோலையும் இரத்தக் குழாய்களையும் சேர்த்தெடுத்து வாய்க்குள் வைத்துத் தைத்த பெரிய அறுவைக்குப் பிறகு, சித்தப்பாவைக் கவனித்துக்கொள்ள ரங்கூனில் ஒரு வீட்டுச் செவிலியர் சேவையை அமர்த்தினோம். மூச்சுவிடக் கழுத்தில் வைத்த குழாயோடு வீடு திரும்புகிறவர்களுக்கு இச்சேவையை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். அதன் பின் வரும் தோள், விழுங்கல், தாடைப் பயிற்சிகளுக்கு மட்டும் இவர்களையே நம்பியிருக்க வேண்டாம்.

வாய்க்குள் ஒட்டவைத்த தோலுக்கு உரிய பெரிய ஆபத்து மருத்துவமனையிலேயே கழிந்துவிடுகிறது. முதல் இரண்டு நாள்களில் மணிக்கொரு முறை அதன் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார்கள். நீலம் பாய்ந்தால் சிரையில் அடைப்பு, வெளுத்தால் தமனியில் அடைப்பு என்று கொண்டு உடனே மீண்டும் அறுவை அறைக்குக் கொண்டுபோவார்கள். வீட்டிற்கு வருவது வேறு வகைச் சுமை: கழுத்தில் ஒரு குழாய், மூக்கு வழியாக உணவுக்கு ஒரு குழாய், ஆறிக்கொண்டிருக்கும் முன்கைப் புண், பேச முடியாத நோயாளி. மின்தூக்கி இல்லாத, செங்குத்தான குறுகிய படிகள் கொண்ட எங்கள் மாடி வீட்டிற்கு இவற்றையெல்லாம் எப்படிக் கொண்டுவருவது என்று கலங்கி நின்றபோது, சித்தப்பா வீடு திரும்புவதற்கு முந்தைய நாளே சேவையின் மூத்த செவிலியர் மருத்துவமனைக்கு வந்து, அங்குள்ளவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, எங்களையும் செய்யவைத்துச் சரிபார்த்தார். இந்த ஒன்றுக்காகவே இவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சயாமா (செவிலியரைப் பர்மியர் மரியாதையாக அழைக்கும் சொல்) என்று நாங்கள் அழைத்த அவருடைய கைப்பழக்கத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். சளி உறிஞ்சும் மெல்லிய குழாயை உள்ளே விடும்போது உறிஞ்சலை நிறுத்தி வைத்து, வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்சுவார். ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் போகமாட்டார். கழுத்துக் குழாயின் உள்ளே பொருந்தும் உள்குழாயைக் கழற்றிக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து ஊடே பார்த்த பிறகே திரும்பப் பொருத்துவார். மூக்கு வழியாகப் போகாத காற்று ஈரமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிச் சளியைக் கெட்டியாக்கிவிடும் என்பதால், நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைக் குழாய் வாயின் மேல் தொங்கவிட்டு, காய்ந்ததும் மாற்றுவார். குழாயைக் கட்டும் நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பார். ஒட்டிய தோலுக்கு உயிர் கொடுக்கும் இரத்தக் குழாய் கழுத்தின் வழியாகத்தான் ஓடுகிறது, அது நசுங்கக் கூடாது. மாற்றுக்கென அதே அளவில் ஒரு கழுத்துக் குழாயும் ஒரு அளவு சிறியதாக இன்னொன்றும் தலைமாட்டில் எப்போதும் இருந்தன.

குறை முதல் இரவிலேயே தெரிந்தது. அவர்கள் கொண்டுவந்த உறிஞ்சும் இயந்திரத்தின் மின்கலம் மின்சாரம் போனதும் சில நிமிடங்களில் அடங்கிவிட்டது. மின்வெட்டு அன்றாடமாகிவிட்ட நகரத்தில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை அல்ல. முறையிட்ட மறுநாள் வேறு இயந்திரத்தோடு, காலால் மிதித்து இயக்கும் ஒன்றையும் தந்தார்கள். அமர்த்துகிறவர்கள் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சித்தப்பா பர்மிய மொழியைச் சரளமாகப் பேசுவார். ஆனால் எழுதத் தெரிந்தது தமிழ் மட்டுமே. செவிலியர்களுக்குத் தமிழ் தெரியாது. சித்தி ஓர் அட்டையில் ‘சளி எடுங்கள்’, ‘தலையணையை உயர்த்துங்கள்’, ‘வலிக்கிறது’, ‘விசிறி’ என்று தமிழிலும் பர்மிய மொழியிலும் எதிரெதிரே எழுதித் தர, அவர் விரலால் தொட்டுக் காட்டத் தொடங்கினார். இத்தகைய அட்டையைச் சேவையே தயாராக வைத்திருக்க வேண்டும். பேச்சிழந்தவரின் பாதிக் கோபம் கேட்பாரில்லாத கோபம்தான்.

உணவுக் குழாயில் கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஊற்றுவதிலும், ஊற்றும் முன்னும் பின்னும் நீர் செலுத்திக் குழாயைச் சுத்தமாக வைப்பதிலும், ஊற்றிய பின் அரை மணி நேரத்திற்கு மேல் உட்காரவைப்பதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உதவியாளர் ஒருவர் வெற்றிலை பாக்கை மென்றபடி கட்டிலருகே நின்றதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இளமை முதல் போட்ட வெற்றிலைதான் சித்தப்பாவை இந்தக் கட்டிலில் கிடத்தியது. புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. தெரிவித்ததும் அவரை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

பயிற்சிகள்தான் இச்சேவையின் பலவீனம். கழுத்து நெறிக்கட்டிகளை அகற்றும்போது தோளை உயர்த்தும் நரம்பு, வெட்டுப்படாவிட்டாலும், இழுபட்டுச் சோர்ந்துவிடுவதுண்டு. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போகும். இதைச் சேவையில் யாரும் சொல்லவில்லை. இயன்முறை மருத்துவர் ஒருவரைத் தனியே தேடினோம். விழுங்கும் பயிற்சியிலும் அப்படித்தான். நீர் கஞ்சியைவிட எளிதாக மூச்சுக்குழாய்க்குள் நழுவக்கூடியது என்பதால், தேர்ந்தவர் சோதித்துச் சொல்லும் வரை, நீர்தானே என்று ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. அறுவைக்குப் பின் ஆறு வாரங்களுக்குள் கதிர்வீச்சைத் தொடங்குவது வழக்கம். அதனால் தாடை இறுகி, வாய் 35 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே திறக்கும் நிலை வரலாம். பல்வரிசைகளுக்கு இடையே ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைக் கதிர்வீச்சுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

கட்டணம் குறைவு என்று சொல்ல முடியாது. உறிஞ்சு குழாய்கள், பஞ்சு, உப்புநீர் எல்லாம் தனிக்கணக்கு. பணத்தட்டுப்பாடு இருப்பவர்கள் பகல் பணியை வீட்டாரே கற்றுச் செய்துகொண்டு, இரவுக்கு மட்டும் அமர்த்தலாம். சளி அடைத்தால் உடனே கேட்டு எழுந்திருக்க ஆள் தேவைப்படுவது இரவில்தான். கழுத்துக் குழாயை எடுத்துத் துளை மூடியபின் நாங்கள் சேவையை நிறுத்தினோம். முன்பணத்தில் மீதியைக் கேட்காமலே திருப்பித் தந்தார்கள்.